குறைந்த விலை போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: வாங்கிய பின் மாற்றிக்கொண்டே போவதா, முதலிலேயே போதுமானதை வாங்குவதா?

#1 ஆஸ்டின்வாசி
அக்டோபர் 4, இரவு 9:10

வணக்கம். டெக்சஸில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கைக்கு வந்தது. ஹில் கன்ட்ரி பகுதியில் நண்பர் ஒருவருக்கு நூற்றுச் சொச்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. இரண்டு பருவங்களாக அவருடன் வெண்வால் மான் வேட்டைக்குப் போய், அவருடைய துப்பாக்கியையே கடன் வாங்கிச் சுட்டு வருகிறேன். கடன் வாங்கிய துப்பாக்கியால் தவறவிட்டால் அவர் துப்பாக்கியைத் துடைத்துப் பார்க்கிற விதமே ஒரு மாதிரி இருக்கிறது. இனி சொந்தமாக ஒரு போல்ட் ஆக்‌ஷன் வேண்டும் (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்து மூடிச் சுடும் வகை).

ஸ்கோப்பையும் சேர்த்து 900 டாலர். 200 கெஜத்துக்கு மேல் சுடப் போவதில்லை. இப்போது மலிவாக வாங்கி, கை பழகப் பழகத் தோளில் வைக்கும் கட்டை, விசை, குழல் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், ரெமிங்டன் 700, ஹோவா 1500 ஆகியவற்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுத்தால் பின்னால் வருந்தாமல் இருக்கலாம்?

#2 நூறுகெஜம்
அக்டோபர் 4, இரவு 9:52

மாற்றியமைப்பதுதான் நோக்கம் என்றால் இதில் விவாதிக்க எதுவும் இல்லை. ரெமிங்டன் 700. 1962-இல் வந்தது. அறுபது ஆண்டுகளாக அதற்குக் கட்டை செய்யாத நிறுவனமும் இல்லை, விசை செய்யாத நிறுவனமும் இல்லை. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் குறிசுடு துப்பாக்கியான எம்40 1966-இல் அதன் மீதுதான் எழுந்தது. தரைப்படையின் எம்24-உம் 1988-இல் அதன் மீதுதான். ஸ்பெயினிலிருந்து வரும் பெர்காரா பி-14 கூட 700-க்குச் செய்த கட்டையில் உட்காரும்படி வடிவமைக்கப்பட்டது. போட்டி நிறுவனமே உன் அளவை ஏற்றுக்கொள்கிறது என்றால் அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மேக்புல் ஹன்டர் கட்டை, டிம்னி விசை, ஒரு நல்ல குழல். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்று வாங்குங்கள். மூன்றாவது தீபாவளிக்கு உங்கள் கையில் வேறொரு துப்பாக்கி இருக்கும்.

#3 கடைசல்பட்டறை
அக்டோபர் 5, காலை 6:15

மூன்றாவது தீபாவளிக்குப் பையில் வேறொரு கடனும் இருக்கும்.

ஆஸ்டின் தம்பி, நான் பீளமேட்டில் பம்பு செட் ஷாஃப்ட் கடைந்து வளர்ந்தவன். இப்போது ஒஹாயோவில் ஓய்வு. துப்பாக்கியை நான் சுடுகிறவன் கண்ணால் பார்ப்பதைவிட லேத்காரன் கண்ணால்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் ஒரு விஷயம் சொல்கிறேன், பலருக்கும் இது தெரிவதில்லை.

700 ஏன் இவ்வளவு எளிதாக மாற்றியமைக்க வருகிறது தெரியுமா? மலிவாகச் செய்ய வேண்டும் என்று வடிவமைத்ததால். பழைய மவுசர், பழைய வின்செஸ்டர் 70 இவற்றின் ரிசீவர், அதாவது குழல் பொருந்தி போல்ட் ஓடும் நடு உடம்பு, ஒரு பெரிய இரும்புத் துண்டிலிருந்து பல திசைகளில் வெட்டி எடுக்கப்பட்டது; கீழ்ப்பக்கம் தட்டையாக, பின்னுதைப்பைத் தாங்கும் குதை அதிலேயே ஒட்டியபடி இருக்கும். 700-இன் ரிசீவர் உருண்டை. உருண்டைக் கம்பியை லேத்தில் மாட்டிக் கடைந்துவிடலாம். பின்னுதைப்பைத் தாங்கும் குதை ஒரு தனி வாஷர். அதைக் குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் செருகிவிட்டார்கள். அவ்வளவுதான். உருண்டையாக இருப்பதால் பிற்காலத்தில் எவன் வேண்டுமானாலும் அதற்குக் கட்டை செய்ய முடிந்தது.

சாவேஜ் 110 இதற்கும் நான்கு வருடம் மூத்தது, 1958. விலை 109 டாலர் 95 சென்ட் என்பதால் 110 என்று பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். அதில் குழலை ரிசீவருக்குள் மரையிட்டு இறக்கி ஒரு நட்டால் பூட்டுகிறார்கள். தோட்டா உட்காரும் அறையின் ஆழத்தைச் சரிசெய்வது தொழிற்சாலையில் மிகவும் நேரம் பிடிக்கும் வேலை. நட்டு இருந்தால் அளவுக்கட்டையை உள்ளே வைத்து, போல்ட்டை மூடி, குழல் அதைத் தொடும்வரை திருகி, நட்டை இறுக்கினால் முடிந்தது. தேர்ந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்தத்தான் அந்த நட்டு வந்தது. ஐம்பது வருடம் கழித்து அதே நட்டைக் காட்டி "வீட்டிலேயே குழல் மாற்றலாம்" என்று விளம்பரம் செய்தார்கள். ரூகர் அமெரிக்கனிலும் அதே நட்டு உண்டு.

ஆக, மலிவும் மாற்றியமைக்கும் வசதியும் பல இடங்களில் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஆனால் எல்லா மலிவும் அப்படி இல்லை. ஆக்சிஸில் காசை மிச்சப்படுத்திய இடம் கட்டை. முன்பகுதியைக் கையால் அழுத்தினால் வளைந்து குழலைத் தொடும். அந்த மலிவால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

#4 நூறுகெஜம்
அக்டோபர் 5, காலை 7:40

பெரியவர் வரலாறு சொன்னதற்கு நன்றி. என் கட்சிக்குத்தான் அது வலு சேர்க்கிறது.

#5 கடைசல்பட்டறை
அக்டோபர் 5, காலை 7:58

மீதியையும் சொல்லிவிடுகிறேன், எந்தக் கட்சிக்கு வலு என்று பிறகு பார்ப்போம்.

700-இன் பழைய வாக்கர் விசையைப் பற்றி வழக்குகள் நடந்தன. தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் காப்பை நகர்த்தும்போதே, விசையைத் தொடாமல், வெடித்தது என்பது குற்றச்சாட்டு. அதற்கு மாற்றாக வந்த எக்ஸ்-மார்க் புரோ விசையையும் 2014-இல் திரும்ப அழைத்தார்கள்: 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்தவை. நிறுவனம் 2018-இல் ஒருமுறை, 2020-இல் மறுமுறை திவால் மனு போட்டது. நியூயார்க் மாநிலத்து இலியன் ஊர் ஆலை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. பழைய 700 ஒன்றை யாராவது மலிவாகத் தந்தால் முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள், பிறகு விசையைப் பாருங்கள், விலையைக் கடைசியாகப் பாருங்கள்.

விசை பாரமாக இருக்கிறது என்று எண்ணெய்க் கல்லில் தேய்த்து இலகுவாக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. என் பட்டறைக்கு அப்படி ஒன்று வந்தது. போல்ட்டை வேகமாக மூடினாலே ஊசி விழுந்துவிட்டது. நல்லவேளை அறை காலி. தேய்க்கத் தோன்றினால் முழு விசைத் தொகுப்பாகப் புதிது வாங்குங்கள், தேய்க்காதீர்கள்.

#6 பனிக்காற்று
அக்டோபர் 5, மாலை 5:30

அண்ணைமார் இருவரும் சண்டை பிடிக்கும் இடைவெளியில் நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஒன்டாரியோவில் இருக்கிறேன். எங்கள் பக்கம் இதைத் துவக்கு என்போம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். முதல் துவக்கு வாங்கி வந்த அன்று அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். இப்போதும் அந்தப் பெட்டி இருக்கும் பக்கம் வருவதில்லை. நான் வேட்டைக்காக வைத்திருப்பதை ஏற்றுக்கொண்டார், பார்க்க மட்டும் மாட்டார். அது அவருடைய உரிமை.

ஆஸ்டின்வாசியின் பட்டியலில் டிக்கா டி3எக்ஸ் ஏன் இல்லை? பின்லாந்தின் ரிஹிமாக்கி ஊரில் சாகோ செய்வது. எங்கள் வடதுருவப் பகுதியில் காவல் செய்யும் கனேடியன் ரேஞ்சர்கள் 1947 முதல் லீ என்ஃபீல்டு வைத்திருந்தவர்கள். அதற்குப் பதிலாக 2018 முதல் அவர்களுக்குக் கொடுத்த சி19 டிக்கா டி3எக்ஸ் அடிப்படையில் இங்கே கனடாவில் செய்யப்பட்டது. கையுறையோடு பிடிக்கப் போல்ட் கைப்பிடியையும் விசையைச் சுற்றியுள்ள வளையத்தையும் பெரிதாக்கினார்கள், பனியில் விழுந்தாலும் தெரியும்படி கட்டையைச் சிவப்பாக்கினார்கள். மாற்றியமைப்பது என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்: இன்ன இடத்தில் இன்ன ஆள் பிடிப்பான் என்று யோசித்துச் செய்த மாற்றம்.

குறை சொல்ல வேண்டுமென்றால், டிக்காவில் எல்லாத் தோட்டாவுக்கும் ரிசீவர் ஒரே நீளம். .308 போன்ற குட்டைத் தோட்டாவுக்கும் நீளமான உடம்பைச் சுமக்க வேண்டும். ஹோவாவில் மினி, குட்டை, நீளம் என்று பிரித்துச் செய்கிறார்கள்.

#7 புதியவன்_டாலஸ்
அக்டோபர் 5, இரவு 10:05

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நானும் வாங்கலாமா? அலுவலக நண்பர்கள் "தாராளமாக" என்கிறார்கள்.

#8 நெறியாளர்
அக்டோபர் 5, இரவு 10:31

நண்பர்கள் சொல்லை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். எச்1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை 1998-இல் சேர்த்த திருத்தம் பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று சட்டப்படி கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. டெக்சஸில் இரண்டு சிக்கல்கள். உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிகிறது. புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே உங்களுக்குக் குற்றமாகலாம். அடுத்தது, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்துடன் காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பர் முதல் உரிமம் தேவையில்லை. "பன்றிதானே, உரிமம் வேண்டாம்" என்று இருந்துவிடாதீர்கள். பன்றிக்கு வேண்டாம், உங்கள் விசாவுக்கு வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இது குறித்துத் தனி இழை தொடங்கினால் நல்லது.

#9 கீரைத்தோட்டம்
அக்டோபர் 6, காலை 8:12

மான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? கடையில் கறி கிடைக்காத ஊரா அது?

#10 நெறியாளர்
அக்டோபர் 6, காலை 8:20

அதற்கும் தனி இழை உண்டு. அங்கே 140 பதிவுகள் ஆகிவிட்டன, இன்னும் முடிவு தெரியவில்லை.

#11 நூறுகெஜம்
அக்டோபர் 6, மாலை 6:45

டிக்கா நல்ல துப்பாக்கிதான், மறுக்கவில்லை. ஆனால் குழலை மாற்ற வேண்டும் என்று வந்தால்? ரிசீவரில் பூட்டியிருக்கும் குழலைக் கழற்றவே படாதபாடு. சாவேஜ், 700 இரண்டுக்கும் குழல் செய்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இன்று .308 தோட்டா, நாளை 6.5 கிரீட்மூர், மறுநாள் .243. போல்ட்டின் முகப்பு ஒன்றே. ஒரே ரிசீவரில் மூன்று துப்பாக்கி. பதிவு எண் ரிசீவரில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சட்டப்படி அதுதான் துப்பாக்கி. குழலும் கட்டையும் வீட்டுக்குத் தபாலில் வரும். குழலைப் 16 அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல், மொத்த நீளத்தை 26 அங்குலத்துக்குக் கீழே இறக்காமல் இருந்தால் ஒருவரும் கேட்கப் போவதில்லை.

#12 கடைசல்பட்டறை
அக்டோபர் 6, இரவு 7:20

தபாலில் வரும். சரியான அளவில் வருமா என்பதுதான் கேள்வி. .308-க்கு 'போகலாம்' அளவுக்கட்டை 1.630 அங்குலம், 'போகக்கூடாது' அளவுக்கட்டை 1.634. முதலாவதன் மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடக் கூடாது. நடுவில் இருப்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமன். இந்த இரண்டு அளவுக்கட்டைகளையும் வாங்காமல் "நட்டை இறுக்கிவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்கிறவனோடு ஒரே மைதானத்தில் நான் நிற்க மாட்டேன். முகத்திலிருந்து நான்கு அங்குலத்தில் வெடிக்கிற பொருள் அது.

சரி, குழல் எப்போது தேயும்? 6.5 கிரீட்மூர் என்றால் இரண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரம் தோட்டாவுக்குப் பிறகு துல்லியம் குறையத் தொடங்கும் என்பார்கள்; .308 அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். ஆஸ்டின் தம்பி ஆண்டுக்கு எத்தனை சுடுவார்? பருவத்துக்கு முன் இரண்டு பெட்டி, பருவத்தில் ஒரு பெட்டி, அறுபது. இரண்டாயிரத்து ஐநூறை அறுபதால் வகுத்துப் பாருங்கள். நாற்பத்தோரு வருடம். குழல் மாற்றும் வசதியைப் பேரனுக்காக வாங்குகிறாரா?

ஆக்சிஸ் கணக்கையும் போடுகிறேன். துப்பாக்கி 400 டாலர் பக்கம். வளைகிற கட்டையை எறிந்துவிட்டு அடுக்குமரக் கட்டை, ஒரு 180. விசை 130. இதற்குள் 700 டாலர் தாண்டிவிட்டது. இன்னும் ஐம்பது நூறு போட்டால் டிக்காவின் எளிய மாதிரியே கிடைத்திருக்கும். அதில் மாற்ற வேண்டியது எதுவும் இருக்காது. இரண்டையும் விற்கப் போங்கள். டிக்காவுக்கு முக்கால் பங்கு விலை வரும். நீங்கள் இழைத்து இழைத்துச் செய்த ஆக்சிஸை "ஆக்சிஸ்தானே" என்பான் வாங்குகிறவன். கட்டைக்கும் விசைக்கும் போட்டது போனது போனதுதான்.

#13 நூறுகெஜம்
அக்டோபர் 6, இரவு 7:44

வீட்டை வாங்கிவிட்டு வண்ணம் அடிப்பவனிடம் "விற்கும்போது வண்ணத்துக்குக் காசு வராது" என்று சொல்வதைப் போல் இருக்கிறது. செய்கிற மகிழ்ச்சிக்கு விலை இல்லையா? எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் துணியை விரித்து ஒவ்வொரு திருகாகக் கழற்றுவதுதான் கோயில்.

#14 கடைசல்பட்டறை
அக்டோபர் 6, இரவு 7:51

அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. அதைச் சிக்கனம் என்று பெயர் சொல்லி விற்காதீர்கள் என்கிறேன்.

#15 ஆஸ்டின்வாசி
அக்டோபர் 7, மதியம் 1:05

எல்லோருக்கும் நன்றி. 6.5 கிரீட்மூரில் ரூகர் அமெரிக்கன் பக்கம் மனம் சாய்கிறது. இரண்டாம் தலைமுறை என்று வந்திருப்பதில் காப்பு மூன்று நிலைகளில் நிற்கிறது, கட்டையும் முன்னதைவிடக் கெட்டியாகத் தெரிகிறது. போல்ட்டைப் பூட்டும் குதை மூன்று இருப்பதால் அதை எழுபது பாகை தூக்கினால் போதும், ஸ்கோப்பில் கை இடிப்பதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த வருடம் மனைவியும் வருகிறேன் என்கிறார். பயிற்சி வகுப்பை முடித்துவிட்டார். அவருக்கும் இதையே பழக்கலாம் என்று இருக்கிறேன். ஐந்து அடி ஓர் அங்குலம் உயரம், இடது கைப் பழக்கம். அதனால் பெரிய வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

#16 தென்தீவு
அக்டோபர் 7, மாலை 4:30

பதினைந்து பதிவுகளாகப் படித்துக்கொண்டிருந்தேன். குழல், நட்டு, விசை, திவால் மனு, எல்லாம் வந்தது. தோளில் படுவது கட்டை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. இப்போது இவர் "பெரிய வேறுபாடு இருக்காது" என்கிறார்.

இருக்கும், அண்ணா. நிறைய இருக்கும்.

நான் நியூசிலாந்தின் தென் தீவில் செவிலியராக இருக்கிறேன். எனக்கும் இடது கை, உங்கள் மனைவியைவிட ஓர் அங்குலம் உயரம். இங்கே முதன்முதலில் கணவருடைய துப்பாக்கியைத்தான் எடுத்துப் போனேன். கடைகளில் வரும் துப்பாக்கிகளின் கட்டை, விசையிலிருந்து தோள் வரை, பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆறடி ஆளுக்குச் சரி. எனக்கு விசையை எட்ட வேண்டும் என்றால் கட்டையைத் தோளில் வைக்காமல் மேற்கையில் வைக்க வேண்டியிருந்தது. ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும் என்றால் கழுத்தை நீட்ட வேண்டும். கன்னம் கட்டையில் படவே இல்லை; தலை காற்றில் மிதந்தது. சுட்டதும் ஸ்கோப் புருவத்தில் பிறைநிலா வரைந்தது. மூன்று தையல். போட்டது என்னுடன் வேலை செய்யும் பெண். இன்றும் என்னைப் பார்த்தால் புருவத்தைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பாள்.

அடுத்த ஆறு மாதம் நான் சுடும்போது கண்ணை மூடினேன். எல்லோரும் "பின்னுதைப்பைக் கண்டு பயப்படுகிறாள், சின்னத் தோட்டாவாகக் கொடு" என்றார்கள். தோட்டாவில் குறை இல்லை. கட்டையில் ஓர் அங்குலம் குறைத்து, கன்னம் படுகிற மேட்டை உயர்த்தியவுடன் அதே .308 அடங்கிவிட்டது.

இடது கையர் வலக்கைப் போல்ட்டை இயக்க வேண்டும் என்றால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டும், அல்லது குழலின் மேலாகக் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும். தோட்டா உறை வெடித்துப் புகை கசிந்தால் அது வெளிவரும் துளை உங்கள் மனைவியின் முகத்துக்கு நேராக இருக்கும். சாவேஜ் 1959-இலேயே 110-ஐ இடக்கையர்களுக்கும் செய்து விற்கத் தொடங்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இங்கே யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

ஒரு சின்ன விலகல்: நான் மலையில் வேட்டையாடுவது பெரும்பாலும் இமாலய வரையாட்டை. 1904-இல் குக் மலைப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். பெருகி மலைத் தாவரங்களைத் தின்று தீர்க்கின்றன, அரசே எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறது. நம் நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, தொட்டால் சிறை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது "வரையாடு சுட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தால் பெரிய கலவரமாகிவிடுகிறது.

#17 பனிக்காற்று
அக்டோபர் 7, மாலை 5:02

தங்கச்சி சொன்னது நெத்தியடி. கையுறைக்காகப் போல்ட் கைப்பிடியைப் பெரிதாக்கியதைப் பற்றிப் பத்து வரி எழுதினேன். கை அளவைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

#18 ஐம்பதுமீட்டர்
அக்டோபர் 7, இரவு 10:40

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இந்த இழை எட்டாத கனவு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்குத் துப்பாக்கி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. உரிமம் கிடைத்தாலும் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுதான். தனியாருக்கு விற்கும் இஷாப்பூர் .315 பார்த்தால் பழைய லீ என்ஃபீல்டின் பேரன் என்று தெரியும். அதில் மாற்றியமைக்க ஒன்றும் இல்லை, தோள்வாரைத் தவிர.

ஆனால் நான் சங்கத்தில் சுடுவது .22 போட்டித் துப்பாக்கி, 50 மீட்டர். ஸ்வப்னில் குசாலே பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் வெண்கலம் வாங்கிய பிரிவு. எங்கள் துப்பாக்கியில் கன்ன மேடு ஏறும் இறங்கும், தோள் தட்டு நீளும் சாயும், கைப்பிடி திரும்பும், விசை முன்னும் பின்னும் நகரும். முதல் மாதம் முழுவதும் பயிற்சியாளர் ஒரு தோட்டாவும் கொடுக்கவில்லை. திருகைத் தளர்த்துவதும் இறுக்குவதும், கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துவிட்டுத் திறந்து பார்ப்பதும்தான். திறக்கும்போது கண் நேரே பார்வைத் துளைக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் மறுபடி திருகு. எங்கள் சங்கத்தில் யாரும் குழலை மாற்றி நான் பார்த்ததில்லை.

#19 நூறுகெஜம்
அக்டோபர் 8, காலை 7:15

தென்தீவு அக்கா சொன்னதை ஏற்கிறேன். என் வீட்டம்மா ஏன் இரண்டு முறைக்கு மேல் என்னுடன் வரவில்லை என்று இப்போது புரிகிறது. கேட்டுப் பார்த்தேன், "இப்போதுதான் கேட்கிறீர்களா" என்றார்.

ஆனால் தீர்வு நான் சொன்னதில்தான் இருக்கிறது: அலுமினிய சேஸி, அதாவது கட்டைக்குப் பதிலாக வரும் உலோகச் சட்டம். நீளம், கன்னம், எல்லாம் திருகு. கனடாவின் எம்டிடி செய்வதில் விலை குறைந்த ஆரிக்ஸ் ஐந்நூறு டாலருக்குள் வரும். 700-க்கும் உண்டு, வேறு சிலவற்றுக்கும் உண்டு.

#20 தென்தீவு
அக்டோபர் 8, காலை 9:50

சேஸியைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் மீட்டர் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். என்னுடைய டிக்கா லைட் மூன்று கிலோவுக்குக் கீழே. அலுமினியத்தில் உட்கார வைத்து, கனத்த குழல் போட்டு, பெரிய ஸ்கோப்பும் ஏற்றினால் அதில் இரண்டு மடங்கு ஆகிவிடும். மேசையில் வைத்துச் சுட அருமை. பனிக்காலை நாலு மணிக்குக் குளிர்ந்த அலுமினியத்தில் கன்னத்தை வைத்தும் பாருங்கள்.

ஆஸ்டின் அண்ணன் மரத்தடிக் கூண்டில் உட்கார்ந்து சுடுபவர், அவருக்கு எடை பெரிய விஷயம் இல்லை என்றால் சரி. ஆனால் ஐந்நூறு டாலர் சேஸியில் இடக்கைப் போல்ட் முளைக்காது.

#21 கடைசல்பட்டறை
அக்டோபர் 8, காலை 10:30

முப்பது வருடம் இரும்பை அளந்தவன் ஆளை அளக்கவில்லை. குட்டு ஏற்றுக்கொண்டேன், அம்மா.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதிலை மாற்றுகிறேன். சாவேஜ் 110-இல் 2018 முதல் அக்யுஃபிட் என்று ஒரு கட்டை வருகிறது. பின்தட்டுக்கு முன்னால் இடைத்தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ நீளத்தை மாற்றலாம். கன்னம் படும் துண்டையும் உயரமானதாக, தாழ்ந்ததாக மாற்றிப் பூட்டலாம். ஸ்க்ரூடிரைவர் போதும். இடக்கை மாதிரியும் உண்டு. புதிது உங்கள் பணத்துக்குள் ஸ்கோப்போடு அடங்காது, பழையதாகத் தேடுங்கள். விசையும் அக்யுடிரிகர், விசையை இழுக்கும் எடையை வீட்டிலேயே கூட்டிக் குறைக்கலாம், கல்லில் தேய்க்க வேண்டாம்.

நட்டைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அதைத் தொடவே வேண்டியிருக்காது.

#22 புதியவன்_டாலஸ்
அக்டோபர் 8, இரவு 8:00

ஆகஸ்ட் 31 என்று தொலைபேசியில் மூன்று நினைவூட்டல் போட்டுவிட்டேன். முதலில் வகுப்பு.

#23 ஆஸ்டின்வாசி
அக்டோபர் 27, இரவு 9:30

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மனைவியையே கடைக்கு அழைத்துப் போனேன். ரூகரைத் தோளில் வைத்தார். தென்தீவு சகோதரி சொன்ன அதே கழுத்து நீட்டல். கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்; மேடம் எந்தக் கை என்று ஒருமுறையும் கேட்கவில்லை. வெளியே வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் தேடி, வேறோர் ஊர்க் கடையில் பழைய சாவேஜ் 110 கிடைத்தது: இடக்கை, .308, அந்தக் கட்டையோடு, 620 டாலர். 6.5 கேட்டுத்தான் போனேன். இடக்கையில் கிடைத்ததை எடுத்தோம். மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும் ஒரு லியூபோல்டு ஸ்கோப் போட்டதும் பணம் முடிந்தது. ஐம்பதுமீட்டர் நண்பர் சொன்னபடி வீட்டுக் கூடத்தில், வெற்று அறை என்று இருவரும் பார்த்து உறுதி செய்துவிட்டு, கண்ணை மூடித் திறக்கும் பயிற்சி. நீளத்தை ஆகக் குறைவாக வைத்தோம். மூன்றாவது துண்டில் கன்னம் சரியாக உட்கார்ந்தது. "இப்போதுதான் வட்டம் முழுசாகத் தெரிகிறது" என்றார்.

முதல் நாள் மைதானத்தில் குண்டுகள் திசைக்கொன்றாய்ப் போயின. இடது, மேல், மறுபடி இடது. எனக்கு உடனே குழல் மீது சந்தேகம். நூறுகெஜம் அண்ணன் சொன்ன கடைகளையெல்லாம் தொலைபேசியில் தேட ஆரம்பித்துவிட்டேன். மனைவி ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. அடித்தட்டுத் திருகு ஒன்று தளர்ந்திருந்தது, மாட்டியவன் நான்தான். அளந்து இறுக்கும் சாவி ஒன்று வாங்கினோம். மாற்றியமைக்க என்று இதுவரை செலவழித்தது அவ்வளவுதான்.

நேற்று மறுபடி போனோம். 100 கெஜம், ஐந்து குண்டு. அவர் சுட்டவை ஒன்றரை அங்குல வட்டத்துக்குள். நான் சுட்டவை இரண்டே முக்கால். எனக்கு வலக்கை. போல்ட்டைத் தேடி இப்போது காற்றைத் தடவுவது நான். இடைத்தகடுகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் அளவு கலையும் என்று மறுத்துவிட்டார். பருவம் வருகிற சனிக்கிழமை தொடங்குகிறது. நண்பரிடம் மீண்டும் துப்பாக்கி கடன் கேட்டிருக்கிறேன்.

#24 கடைசல்பட்டறை
அக்டோபர் 28, காலை 6:05

ஐந்து குண்டு யாருக்கும் பொய் சொல்லும் தம்பி. அம்மாவைப் பத்து சுடச் சொல்லி, அந்த அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

#25 ஆஸ்டின்வாசி
அக்டோபர் 28, காலை 6:40

கேட்டேன். தோட்டா ஒன்று ஒன்றேமுக்கால் டாலர், மானுக்கு வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.